சுற்றுநிருபமும் உபதேசியாரும்

நம் திருச்சபை வரலாற்றை நாம் பெரும்பாலும் தீர்மானங்களின் வரலாறாகவே எழுதி வந்துள்ளோம். எந்த ஆண்டில் எந்த மன்றம் கூடியது, எந்தப் பேராயர் எந்த ஆணையைப் பிறப்பித்தார் என்பவற்றை மாணவர்கள் நன்கு அறிவர். தேர்விலும் பிழையின்றி எழுதுவர். ஆனால் அத்தீர்மானம் ஒரு கிராமத்துச் சிற்றாலயத்தை எட்டிய நாளில் அங்கே பணிபுரிந்த உபதேசியார் அதை எப்படிக் கேட்டார், கேட்டபின் என்ன செய்தார் என்று நாம் வினவுவது அரிது. மிஷன் காலத்தில் அவருக்கு 'ஏஜெண்டு' என்றே பெயர். மாதச் சம்பளம் பெறும் ஊழியர் அவர். தமக்கு மேலுள்ளோர் முடிவு செய்ததைத் தமக்குக் கீழுள்ளோரிடம் எடுத்துச் சொல்லி, இருபுறத்தாரின் கோபத்தையும் தாமே ஏற்றுக்கொள்ள வேண்டியவர். ஒரு நிறுவனம் தன் அமைப்பையோ நடைமுறையையோ மாற்றும்போது அம்மாற்றம் நிலைப்பதும் சிதைவதும் இத்தகையவரின் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் திருச்சபை கண்ட இரு பெரும் மாற்றங்களை இக்கண்ணோட்டத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, 1833-ஆம் ஆண்டில் தொடங்கிய சாதி ஒழிப்பு ஆணை. மற்றது, 1947-ஆம் ஆண்டில் நிறைவெய்திய சபை ஐக்கியம்.

தொடங்குமுன் அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினைந்தாம் அதிகாரத்தை ஒருமுறை நினைவுகூர்வது நலம். எருசலேம் சங்கத்தின் தீர்மானத்தை நாம் வகுப்புகளில் விரிவாக விளக்குகிறோம். அத்தீர்மானம் அந்தியோகியாவுக்குப் போய்ச் சேர்ந்த விதத்தையோ விரைவில் கடந்துவிடுகிறோம். சங்கத்தார் நிருபம் எழுதினர், அதோடு நிறுத்தவில்லை. யூதாவையும் சீலாவையும் தெரிந்தெடுத்து, எழுதியதையே வாய்ச்சொல்லாகவும் அறிவிக்கும்படி அனுப்பினர். அவ்விருவரும் நிருபத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், சிலகாலம் அங்கே தங்கிச் சகோதரருக்குப் புத்தி சொல்லித் திடப்படுத்தினர் என்று லூக்கா குறித்துள்ளார். எழுத்தோடு ஆட்களும் சென்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தஞ்சையில் நடந்தது

பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலும் பின்னர் தஞ்சையிலும் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனெரிமார் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் முற்றாக விலக்கினாரல்லர். ஆலயத்தில் வெவ்வேறு குலத்தார் வெவ்வேறு இடங்களில் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் என்ற வரிசை இருந்தது. காலப்போக்கில் நற்செய்தியே இதைக் கரைத்துவிடும் என்று அவர்கள் நம்பினர். சுவார்ட்ஸ் ஐயர் 1798-ஆம் ஆண்டில் தஞ்சையில் காலமானபோதும் நிலை பெரிதாக மாறியிருக்கவில்லை.

இப்பொறுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அறிய ஓர் ஊழியரின் வாழ்வே போதும். தஞ்சை அரசரின் படையில் வீரராயிருந்து பின் உபதேசியாரான இராஜநாயக்கன், இன்று தலித் மக்கள் என்று நாம் அழைப்போரின் குலத்தில் பிறந்தவர். பல்லாண்டுகள் எதிர்ப்பின் நடுவே உழைத்துச் சபைகளைக் கட்டியெழுப்பிய அவர் 1771-ஆம் ஆண்டில் மரித்தார். 1733-ஆம் ஆண்டிலேயே ஆரோன் ஐயர் இந்தியரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றிருந்தார். இராஜநாயக்கனுக்கோ அந்த அபிஷேகம் கடைசிவரை கிட்டவில்லை. அவர் கையிலிருந்து உயர்குலத்தார் திருவிருந்து பெறமாட்டார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவருடைய தகுதியை எவரும் மறுக்கவில்லை என்பது இங்கே நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

1820-களின் நடுவில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை தஞ்சை, திருச்சி, வேப்பேரி ஆகிய மிஷன்களைத் தாங்கிவந்த எஸ்.பி.சி.கே. சங்கம் அவற்றை எஸ்.பி.ஜி. சங்கத்திடம் ஒப்படைத்தது. லுத்தரன் மரபில் வளர்ந்த ஊழியர் ஆங்கிலிக்கன் நிர்வாகத்தின் கீழ் வந்தனர். சம்பளம் தருவோர் மாறினர், மேற்பார்வையாளர் மாறினர், ஆராதனை முறையும் மாறலாயிற்று. இவற்றைப் பற்றி உபதேசியாரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ எவரும் கலந்து பேசினாரல்லர். அந்நாளைய நிர்வாகத்தில் அப்படிப் பேசுவது வழக்கமுமன்று.

இச்சூழ்நிலையில்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வழக்கு எழுகிறது. 1774-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரை இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து பயிற்றுவித்தார். பின் மிஷன் பள்ளியில் ஆசிரியராகவும் சபைக்குக் கவியாகவும் விளங்கினார். 1820-களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனெரிமார் சபை நடைமுறைகளைத் திருத்த முற்பட்டபோது, சாஸ்திரியார் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவருடைய குறைகள் நான்கு. பழகிப்போன பப்ரிஷியஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை நீக்கி இரேனியஸ் ஐயரின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தியது ஒன்று. திருவிருந்திலும் இருக்கையிலும் எல்லாக் குலத்தாரையும் கலக்கச் செய்தது மற்றொன்று. திருமணத்திலும் பிற சடங்குகளிலும் பூக்களை விலக்கியது மூன்றாவது. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து நீக்கியது நான்காவது.

இந்நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது மிக அவசியம். இவற்றுள் இரண்டாவது மட்டுமே நற்செய்தியின் நீதியைச் சார்ந்தது. மொழிபெயர்ப்பைப் பற்றி அறிஞர் வேறுபடலாம். பூவும் பாட்டும் புதிதாக வந்தவர்களின் சுவையைச் சார்ந்தவை. ஆயினும் மிஷனெரிமார் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே அதிகாரத்தோடு இறக்கினர். அதன் விளைவு என்னவெனில், சாதி வேறுபாட்டைக் காக்க விரும்பியோர் தமிழ்ப் பாட்டின் பின்னே நின்று போராட முடிந்தது. தம் மொழியையும் இசையையும் நேசித்தவர்கள் சாதியைக் காப்போரின் அணியில் தள்ளப்பட்டனர். சாஸ்திரியாரின் நெஞ்சில் இவ்விரண்டும் எந்த அளவில் கலந்திருந்தன என்று பிரித்தறிவது கடினம். மூன்றில் பின்னாளைய சபை அவர் பக்கமே சாய்ந்தது. இன்று கீர்த்தனை பாடாத தமிழ்ச் சபையைக் காண்பது அரிது. ஒன்றில் அவர் தவறான பக்கத்தில் நின்றார். மிஷன் ஊழியத்தை இழந்த அவரைச் சரபோஜி மன்னர் ஆதரித்தார். 1864-ஆம் ஆண்டுவரை அவர் வாழ்ந்தார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். புதிய ஒழுங்கு சுவார்ட்ஸ் ஐயரின் காலத்தையே குற்றமாகத் தீர்த்தது என்று தஞ்சை ஊழியர் எண்ணினர். தம்மை வளர்த்த தந்தையை நிந்தித்துக்கொண்டு வரும் கட்டளைக்கு மக்கள் எளிதில் செவிகொடுப்பதில்லை. அதே வேளையில், அந்தத் தந்தையின் காலத்திலும் குற்றம் இருக்கத்தான் செய்தது. இராஜநாயக்கனின் வாழ்வே அதற்குச் சான்று. அன்பும் நியாயத்தீர்ப்பும் ஒரே வாயிலிருந்து வரவேண்டிய இடம் அது. வந்ததோ நியாயத்தீர்ப்பு மட்டுமே.

வில்சன் பேராயரின் நிருபம்

கல்கத்தாப் பேராயராயிருந்த ஹீபர் 1826-ஆம் ஆண்டில் தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். சாதிப் பிரச்சினையைப் பற்றி மென்மையான கருத்துடையவராய் விசாரணை நடத்தத் தொடங்கிய அவர், ஏப்ரல் 3-ஆம் நாளில் திருச்சியில் எதிர்பாராமல் இறந்தார். அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து அப்பதவியை ஏற்ற டேனியல் வில்சன் வேறு வார்ப்பில் அமைந்தவர். 1833-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாளிட்டு அவர் தென்னாட்டு மிஷன்களுக்கு எழுதிய நிருபத்தில், சபைக்குள் சாதி வேறுபாடு திட்டமாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டுமென்று கட்டளையிட்டார்.

இக்கட்டளையின் சாரத்தோடு நமக்கு வழக்கில்லை. கிறிஸ்துவின் பந்தியில் வரிசை வைக்கும் சபை தன் பெயரையே மறுக்கிறது. ஹீபரின் மென்மையைவிட வில்சனின் உறுதியே வேதத்துக்கு அணுக்கமானது என்பது என் கருத்து. இன்னும் சொல்லப்போனால், அந்நிருபம் நாம் நினைப்பதுபோல முற்றிலும் இரக்கமற்றதன்று. ஏற்கெனவே திருவிருந்தில் சேர்ந்திருந்த மூத்தவர்களிடம் வெளிப்படையான மறுப்பை வற்புறுத்தாமல் அவர்களுடைய பழக்கத்தைச் சற்றே பொறுத்துக்கொள்ளலாமென்று அதில் ஒரு பகுதி இருந்தது. ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது 'உடனடியாக' என்ற சொல்தான். மேலிருந்து வரும் எழுத்தில் அச்சமூட்டும் வரி ஒன்றிருந்தால் அதன் அருகிலுள்ள ஆறுதல் வரியை எவரும் நினைவில் வைப்பதில்லை. சுற்றுநிருபம் எழுதும் பொறுப்பிலுள்ளோர் இதை அறிந்திருத்தல் நன்று.

நிருபம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பெருந்தொகையானோர் சபையைவிட்டு வெளியேறினர். உபதேசியாரும் பள்ளி ஆசிரியரும் இணங்க மறுத்தால் வேலையை இழந்தனர். பலர் அவ்வாறே இழந்தனர். 1834-ஆம் ஆண்டின் இறுதியில் பேராயரே தெற்கே வந்து மக்களிடம் நேரில் பேசினார். சிலர் மனம்மாறித் திரும்பினர். ஆயினும் நிருபம் முதலில் வந்து, ஆள் பின்னால் வந்தார். எருசலேம் சங்கத்தார் இரண்டையும் சேர்த்தே அனுப்பினர் என்பதை மேலே கண்டோம்.

இங்கே உபதேசியாரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். உயர்குலத்து உபதேசியார் ஒருவர் கட்டளைக்கு இணங்கினால், அவருடைய உறவினர் அவரைப் பந்தியில் சேர்க்கமாட்டார்கள்; மகளுக்கு மணமகன் கிடைப்பது அரிதாகும். இணங்காவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் இல்லை. ஆணையிட்டவருக்கோ இவ்விரண்டில் எந்த இழப்பும் நேரப்போவதில்லை. ஐரோப்பிய மிஷனெரிமாரும் இந்திய ஊழியரும் ஒரே பந்தியில் உண்டார்களா, ஒரே பெஞ்சில் அமர்ந்தார்களா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. அதற்கு நேர்மையான மறுமொழி கூறுவது எளிதாயிருக்கவில்லை. தான் இழக்காததைப் பிறர் இழக்கும்படி கேட்கும் குரலில் ஒரு குறை இருக்கவே செய்யும்.

ஒடுக்கப்பட்ட குலத்து உபதேசியாரின் நிலையோ இன்னும் ஆழமானது. அவர் பொருட்டே இப்போராட்டம் நடந்தது. எனினும் இரு தரப்பாரின் வாதங்களிலும் அவர் பேசுபொருளாக மட்டுமே காணப்படுகிறார். முன்னிருந்தோர் பொறுமை காட்டியபோது அவரை எவரும் கேட்கவில்லை. வில்சன் பேராயர் விரைந்தபோதும் கேட்கவில்லை. அவரையும் அவருடைய சபையாரையும் முதலில் கூட்டி, உங்களுக்கு எது நீதியாகத் தோன்றுகிறது, இம்மாற்றத்தில் உங்களைத் தாக்க வருவோரிடமிருந்து உங்களைக் காக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தால் வரலாறு வேறாயிருந்திருக்கக் கூடும். வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேகமாகச் செல்லும்போது கூடவே நடந்து செல்ல ஆட்கள் தேவைப்பட்டனர், அவர்கள் இல்லை.

வெளியேறியோர் எங்கே சென்றனர்? டிரெஸ்டன் மிஷனைச் சேர்ந்த கோர்டெஸ் ஐயர் 1841-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் லைப்சிக் மிஷன் என்ற பெயரில் வளர்ந்த அப்பணியோடு தஞ்சை, திருச்சி, வேப்பேரி ஆகிய இடங்களின் அதிருப்தியாளர் பலர் இணைந்தனர். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை நம் நாட்டில் பயணம் செய்து தமிழை ஆழ்ந்து கற்றவர். சாதியைச் சமுதாய ஏற்பாடாகக் கருதி, படிப்படியாகவே அதை நீக்க வேண்டுமென்று அவர் வாதிட்டார். தமிழ் இலக்கியத்துக்கு அவர் செய்த தொண்டை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் இவ்வாதத்தில் காலத்தின் எல்லை எங்கும் குறிக்கப்படவில்லை. அவர் மிஷனுக்குள்ளேயே ஓக்ஸ் ஐயர் இதை ஏற்க முடியாமல் பிரிந்து சென்று, பட்டாம்பாக்கத்தில் தனிப்பணி தொடங்கினார். அது பின்னர் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனோ 1847-ஆம் ஆண்டில் தன் ஊழியர் அனைவரும் சாதியைக் கைவிட வேண்டும், அதற்குச் சான்றாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று முடிவு செய்தது. அங்கும் பலர் விலகினர். சிலர் பின்னர் திரும்பினர்.

ஆக, விரைந்தோரும் ஊழியரை இழந்தனர். தாமதித்தோர் நீதியை இழந்தனர். இரண்டில் எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால் இரண்டாவதே என்பேன். முதலாவது இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இருபத்தெட்டு ஆண்டுகள்

இனி மற்றொரு மாற்றத்துக்கு வருவோம். 1919-ஆம் ஆண்டு மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவரைத் தவிர ஏனையோர் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த அசரியா பேராயரும், 1908-ஆம் ஆண்டில் உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு ஐயரும் முன்னின்றனர். மேல்நாட்டில் தோன்றிய பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. இங்கே மாற்றத்தின் ஊற்று இடம் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 1833-இல் கல்கத்தாவிலிருந்து வந்தது. 1919-இல் உள்நாட்டு ஊழியர் நடுவிலிருந்தே எழுந்தது. அசரியா பேராயர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஊழியஞ்செய்த ஒரு கிராம குருவானவரின் மகன் என்பது இங்கே பொருளற்ற செய்தியன்று.

அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீடித்தது. மெதடிஸ்டு சபையாரும் சேர்ந்தனர். 1929-இல் ஐக்கியத் திட்டம் அச்சில் வெளியாயிற்று. மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. மெதடிஸ்டு சபை 1943-இலும், தென்னிந்திய ஐக்கிய சபை 1946-இலும், இந்திய பர்மா இலங்கை ஆங்கிலிக்கன் சபை 1947 ஜனவரியிலும் இசைவளித்தன. 1947 செப்டம்பர் 27-ஆம் நாளில் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை 14 திருமண்டிலங்களோடு தொடங்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளில் மரித்த அசரியா பேராயர் அதைக் காணவில்லை.

இத்திட்டத்தில் ஊழியரைப் பொறுத்தவரை மிகச் சிறந்த அம்சங்கள் இரண்டு. முதலாவது, ஏற்கெனவே குருத்துவ அபிஷேகம் பெற்றிருந்த எவரும் மறுபடியும் அபிஷேகம் பெற வேண்டியதில்லை. பேராயரின் கையினால் அபிஷேகம் பெறாத ஐக்கிய சபை ஆயரும் மெதடிஸ்டு ஆயரும் அப்படியே ஏற்கப்பட்டனர். புதிய அபிஷேகங்கள் மட்டும் பேராயரால் நடைபெறும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் சபையே மேற்கொண்டு முடிவு செய்யும். நீ இதுவரை செய்த ஊழியம் செல்லாது என்று எவரிடமும் சொல்லப்படவில்லை. தஞ்சையில் ஊழியர் கேட்டதாக எண்ணிய அதே கடுஞ்சொல் இங்கே ஒருவர் காதிலும் விழவில்லை. உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் அறிஞர் பலர் இதைக் குறைபாடாகக் கண்டித்தனர். ஆயினும் தம் முப்பது ஆண்டு உழைப்பு மதிக்கப்பட்டது என்று உணர்ந்த ஊழியர் புதிய பேராயரின்கீழ் வருவதற்கு அஞ்சவில்லை.

இரண்டாவது, வாக்குறுதி. ஒரு சபையார் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ ஏற்கும்படி வற்புறுத்தப்படமாட்டார்கள் என்று ஐக்கிய சபை உறுதி கூறியது. எது மாறியே தீரவேண்டும், எது மாற வேண்டியதில்லை என்பதை இத்திட்டம் பிரித்தறிந்தது. ஒரே ஊழியம், ஒரே பந்தி, ஒரே விசுவாச அறிக்கை ஆகியவற்றில் விட்டுக்கொடுத்தல் இல்லை. ஜெபப் புத்தகமா, தன்னுரை ஜெபமா என்பதில் முழு உரிமை. தஞ்சையில் ஒரே கட்டாகக் கட்டப்பட்டவை இங்கே அவிழ்த்து வைக்கப்பட்டன. பொதுவான திருவிருந்து ஒழுங்குகூட 1950-இல்தான் வந்தது. அதுவும் ஒருவரையும் கட்டாயப்படுத்தாமல் வந்தது. இன்று பெரும்பாலான சபைகள் அதை விரும்பிக் கையாளுகின்றன.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டிலத்தில் இம்மாற்றம் எப்படி ஊழியரைச் சேர்ந்தது என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. அங்கே அமெரிக்க மிஷனின் சபைகள் பேராயர் என்ற பதவியையே அறியாதவை. இராமநாதபுரத்துச் சபைகளோ ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்தவை. பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். காஞ்சிபுரத்தில் பணியாற்றிய ஸ்காத்து சபை மிஷனெரி. அவருக்கும் அப்பதவி புதிதே. அவர் செய்தது பெரும்பாலும் பயணம். கிராமம் கிராமமாகச் சென்று, உபதேசியாரையும் ஆசிரியரையும் கூட்டி வேதபாடம் நடத்தி, ஆலயத் திண்ணையில் அமர்ந்து சபையாரோடு பேசினார். அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பு 1951-இல் வெளியாயிற்று. நிர்வாகம் எப்படி மேய்ப்புப் பணியாக மாறக்கூடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடநூலை மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்க இயலாது. பேராயர் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிராமல், அச்சொல் ஒரு மனிதராகத் தங்கள் தெருவில் நடந்து வருவதை மக்கள் கண்டனர்.

எனினும் ஐக்கியத்தின் வரலாற்றை நாம் மெருகேற்றி எழுதவும் கூடாது. பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. அறிஞரும் பேராயரும் மிஷனெரிமாரும் அப்போஸ்தல மரபைப் பற்றி வாதிட்ட ஆண்டுகளில், கிராம உபதேசியார் பலருக்கு அது தூரத்துச் செய்தியாகவே இருந்தது. அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. இனி யார் சம்பளம் தருவார்? எந்த விகிதத்தில் தருவார்? மிஷன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாமா? ஓய்வுக்காலத்துக்கு என்ன வழி? இக்கேள்விகளை உலகப்பற்று என்று இகழ்வோர் உண்டு. ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உபதேசியாருக்கு அவை விசுவாசத்தோடு பின்னிய கேள்விகளே.

இதன் கடுமை ஆந்திர நாட்டு நந்தியாலில் வெளிப்பட்டது. ஐக்கியத்தை ஏற்காத ஆங்கிலிக்கன் கருத்துடையோர் இங்கிலாந்தில் வலிமையோடிருந்தனர். எனவே எஸ்.பி.ஜி. சங்கம் தன் பொதுநிதியை வழக்கம்போல் புதிய சபைக்கு அனுப்பத் தயங்கி, விரும்புவோர் கொடுப்பதற்கென்று தனிக்கணக்கு ஒன்றைத் திறந்தது. நந்தியால் வட்டாரத்தில் எஸ்.பி.ஜி. பணியால் உருவான சபைகளில் ஒரு பெரும்பகுதி தென்னிந்தியத் திருச்சபையில் சேர மறுத்து ஆங்கிலிக்கன் சபையாகவே நின்றுவிட்டது. மனச்சாட்சி, பழைய மிஷனிடம் கொண்ட நன்றி, தலைமையைப் பற்றிய கசப்பு, வருமானத்தைப் பற்றிய அச்சம் ஆகியவை அங்கே பின்னிக் கிடந்தன. ஒன்றை மட்டும் எடுத்து இதுவே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அப்பிளவு ஆறுவதற்கு 1970-கள்வரை செல்லவேண்டியதாயிற்று. இருபத்தெட்டு ஆண்டுகள் பேசியும் சம்பளப் பேரேட்டைப் பற்றி முன்கூட்டித் தெளிவாகப் பேசாத இடத்தில் ஐக்கியம் முறிந்தது எனலாம்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைக்கும்போது ஓர் எளிய முடிவுக்கு வரச் சோதனை உண்டு. வில்சன் வழி தவறு, தரங்கம்பாடி வழி சரி என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதினால் இராஜநாயக்கனை இரண்டாம் முறை ஒதுக்கியவர்களாவோம். சபைப் பிரிவுகளின் ஐக்கியம் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். காத்திருந்தவர்களில் எவரும் பந்தியில் அவமானப்படவில்லை. சாதியின் பொருட்டு ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது வேறு காரியம். பொறுமையாயிருங்கள் என்று சொல்பவர் யார், பொறுமையாயிருக்க வேண்டியவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். இருவரும் ஒருவரே ஆனால் அந்தப் பொறுமை புண்ணியம். வேறு வேறானால் அதற்கு வேறு பெயர்.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு அந்தியோகியாவில் பந்தியைவிட்டு விலகிய நிகழ்ச்சியையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். அது எருசலேம் சங்கத்துக்கு முன்னா பின்னா என்பது அறிஞர் வாதிடும் பொருள்; அதில் இப்போது நுழைய வேண்டாம். கொள்கையில் தெளிவாயிருந்த ஒருவரே, தம் சொந்த ஊர் மக்கள் வந்து பார்க்கும்போது பந்தியிலிருந்து பின்வாங்கினார். பர்னபாவும் இழுப்புண்டார். தஞ்சையில் வெளியேறிய உபதேசியாரை இகழுமுன் இவ்விருவரையும் நினைக்க வேண்டும். பவுலோ பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். நிருபம் எழுதியது அதற்குப் பின்னரே. நேரில் எதிர்ப்பதில் ஒருவகை மரியாதை உண்டு. எதிர்க்கப்படுபவர் அங்கேயே மறுமொழி சொல்ல இடமிருக்கிறது.

இவ்வரலாற்றில் முற்றிலும் விடுபட்டுப்போன ஊழியர் கூட்டம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மிஷன் காலத்தில் வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்டோர், வீடுவீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தனர். ஆண்கள் நுழையமுடியாத இடங்களில் நற்செய்தி நுழைந்தது அவர்களால்தான். சாதி ஆணை வந்தபோது சமையலறையில் அதன் முழு எடையையும் சுமந்தவர்கள் பெண்களே. யாருடைய கையால் தண்ணீர் வாங்குவது என்பது அங்கேதானே முடிவாகிறது! 1947-இல் ஊழியத்தின் ஐக்கியம் என்று நாம் கொண்டாடியதும் ஆண்களின் ஊழியமே. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் குருத்துவ அபிஷேகம் பெற்றது 1976-ஆம் ஆண்டில். அதற்குமுன் பல்லாண்டுகள் சபைகளில் உழைத்த வேதாகம ஸ்திரீகளின் பெயர்கள் பழைய மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் இல்லை. தொகை மட்டும் சம்பளப் பட்டியலின் அடியில் காணப்படுகிறது. நம் மாணவர் எவரேனும் தம் ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், சாட்சிகளின் வரிசையில் அப்பெயர்களில் சில இன்னும் கிடைக்கக் கூடும்.